இந்தக் கறியில் ஆப்பிள் எங்கே?

வெளிநாட்டில் குடியேறும் ஒருவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அந்நாட்டுக் கடைக்குள் நுழைந்தவுடன் எழுத்தறியாதவராகிவிடுகிறார். உப்பு எது, சர்க்கரை எது என்பதே தெரியாது. பொட்டலத்தின் மேலுள்ள படம்தான் துணை. ஆனால், சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது.

என் கணவருக்குத் தோக்கியோவில் வேலை கிடைத்ததால், எங்கள் குடும்பம் அங்கே மூன்றாண்டு வாழ்ந்தது. கடைகளில் நாங்கள் கண்ட வேடிக்கைகளை எழுதி வைக்க என் மகள் ஒரு குறிப்பேடே வைத்திருந்தாள். அதன் முதல் பக்கத்தில் இடம்பெற்றது, நம் ஊரிலும் விற்கப்படும் ‘போக்காரி ஸ்வெட்’ என்னும் பானம். ‘ஸ்வெட்’ என்றால் ஆங்கிலத்தில் வியர்வை. “வியர்வையை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா, அம்மா?” என்று கேட்டாள். ஜப்பானில் 1980ஆம் ஆண்டு அறிமுகமான அப்பானம், வியர்வை வழியாக உடல் இழக்கும் நீரையும் உப்புகளையும் ஈடுசெய்வதற்காகத் தயாரிக்கப்பட்டது. பெயர் வைத்தவர் ‘வியர்வைக்கு ஈடு’ என்று சொல்ல நினைத்தார். நம் காதில் விழுந்ததோ ‘வியர்வை’ மட்டும்தான்!

அடுத்தது கறி. தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வியப்பு இருக்க முடியாது. ஜப்பானியக் கடைகளில் கறிக்கூட்டு சாக்லேட் கட்டியைப் போல் அச்சில் வார்க்கப்பட்டு, பெட்டிக்குள் இருக்கும். இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவற்றை வேக வைத்து, அந்தக் கட்டியை உடைத்துப் போட்டால் கறி தயார். 1963 முதல் விற்பனையில் இருக்கும் ‘வெர்மாண்ட் கறி’ப் பெட்டியின் மேல் மிளகாய்ப் படத்தைத் தேடினால் ஏமாந்துபோவோம். அதில் இருப்பவை ஆப்பிளும் தேனும்! சிறுவர்களும் விரும்பி உண்ணும்படி காரத்தைக் குறைக்கவே அவற்றைச் சேர்த்தார்கள். “இதற்குக் கறி என்று பெயர் வைக்க இவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?” என்று என் மாமியார் தொலைபேசியில் கேட்டார்.

அனுமதி கொடுத்தவர்கள் ஒருவகையில் நாம்தான். ‘கறி’ என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்திற்குச் சென்றது என்பது மொழி ஆய்வாளர் பலரின் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாகச் சொல்லும் உணவும் ஜப்பானை அடைந்தன. அங்கே அது ‘கரே’ ஆனது. ஜப்பானியக் கடற்படையினர் இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் கறிச்சோறு உண்கின்றனர். நம் சமையலறையிலிருந்து புறப்பட்ட சொல், கப்பலேறி ஊர் சுற்றி, இனிப்பாக மாறிவிட்டது. என் மகள் அதை இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டாள். மாமியாரிடம் அதைச் சொல்லவில்லை.

சதுரத் தர்பூசணியையும் சொல்ல வேண்டும். காகாவா மாநிலத்தின் சென்சூஜி நகரில், பிஞ்சாக இருக்கும்போதே பெட்டிக்குள் வைத்து அதைச் சதுரமாக வளர்க்கிறார்கள். விலை 10,000 யென்னுக்கும் மேல். முழுமையாகப் பழுக்கும் முன்பே பறிப்பதால் தின்னச் சுவை இருக்காது, அலங்காரத்திற்கு மட்டுமே. இதற்கு மட்டும் என் மனம் இன்னும் சமாதானம் அடையவில்லை.

குறிப்பேட்டில் ‘கிட்கேட்’டுக்கு ஒரு முழுப் பக்கம் உண்டு. பச்சைத் தேயிலைச் சுவை, மூக்கில் ஏறும் வசாபிச் சுவை என்று எத்தனையோ வகைகள். மகள் அவற்றைக் கேலியாகப் படம் வரைந்து வைத்திருந்தாள். பள்ளியில் பேச்சுத்துணைகூட இல்லாமல் அவள் தவித்த காலம் அது. பிப்ரவரி மாதத்தில், தேர்வுக்கு முதல் நாள் மாலை, பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். அவளிடம் ஒரு கிட்கேட்டைக் கொடுத்து, தலை குனிந்து வணங்கிவிட்டுச் சென்றார். ஒன்றும் புரியாமல் அகராதியைப் புரட்டினோம். ‘கிட்டோ கட்சு’ என்றால் ‘நிச்சயம் வெல்வாய்’ என்று பொருள். ஒலி ஒத்திருப்பதால், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அங்கே கிட்கேட் கொடுத்து வாழ்த்துவார்களாம். மகள் அதை உடனே பிரிக்கவில்லை. எழுதுகோல் பெட்டிக்குள் வைத்துத் தேர்வுக்கு எடுத்துச் சென்றாள்.

நாங்கள் சிங்கப்பூர் திரும்பிய மறு ஆண்டு, அந்தப் பாட்டி தம் பேரனோடு எங்களைப் பார்க்க வந்தார். பேரங்காடியில் ‘100 பிளஸ்’ தகரக்குவளையை எடுத்து, “எதில் நூறு? நூறோடு எதைக் கூட்டுவது?” என்று பேரன் கேட்டான். அதைத் தயாரித்த நிறுவனம் 1883இல் தொடங்கியது, அதன் நூறாம் ஆண்டில் வந்த பானம் இது என்று மகள் ஜப்பானிய மொழியில் விளக்கினாள். அவன் தன் கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டான்.

பிறகு தேக்காவுக்குச் சென்றோம். மீன் கறித்தூள், கோழிக் கறித்தூள், இறைச்சிக் கறித்தூள் என வரிசையாக இருந்த பொட்டலங்களைப் பாட்டி ஒவ்வொன்றாக எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இவற்றில் ஆப்பிள் எங்கே இருக்கிறது?” என்றார்.