விருதுப் பட்டியலும் ஒரு பென்சிலும்

அன்புள்ள தம்பி,

சினிமாப் பாட்டு எழுதியவர்களைத் தாண்டி எந்தக் கவிஞரைப் படிப்பது என்று கேட்டிருந்தாய். சாகித்திய அகாதெமியின் தமிழ் விருதுப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதிக்கொள். பெயரோடு நூலையும் எழுது. பெயரை மட்டும் நம்பினால் வழி தவறிவிடும். பாரதிதாசனுக்கு 1969-இல் கிடைத்தது 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு. அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து. கண்ணதாசனுக்கு 1980-இல் கிடைத்ததும், வைரமுத்துவுக்கு 2003-இல் கிடைத்ததும் நாவலுக்கு. கவிதைக்கே தந்தவை என்றால் அப்துல் ரகுமானின் 'ஆலாபனை' (1999), சிற்பியின் 'ஒரு கிராமத்து நதி' (2002) போன்றவற்றில் தொடங்கலாம்.

ஆனால் அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி 1978-க்கு எதிரே இருக்கிறது: வல்லிக்கண்ணன், 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்'. கவிதை நூல் அல்ல, விமர்சனம். அந்த நூலில் ந. பிச்சமூர்த்தி, சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' பத்திரிகை, அதில் எழுதியவர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஒரு விருது நூல், விருதே பெறாத எத்தனையோ கவிஞர்களிடம் உன்னைக் கூட்டிப்போகும். இன்னொன்று: 2016-இல் சிறுகதைக்காகப் பரிசு பெற்ற வண்ணதாசன்தான் கவிதையில் கல்யாண்ஜி. பட்டியல் அதைச் சொல்லாது. நீ பென்சிலால் எழுதிக்கொள்.

பிரமிள், நகுலன், ஞானக்கூத்தன் போன்ற கவிஞர்கள் அகாதெமியின் பட்டியலில் இல்லை. அதனால் ஒரே பட்டியலோடு நின்றுவிடாதே. விஷ்ணுபுரம் விருதைப் பார்: தேவதேவன் (2012), ஞானக்கூத்தன் (2014), தேவதச்சன் (2015), அபி (2019). இளையவர்கள் வேண்டுமானால், 35 வயதுக்கு உட்பட்டோருக்கு அகாதெமி தரும் யுவ புரஸ்கார், கவிஞர் குமரகுருபரன் நினைவாகத் தரப்படும் விருது இரண்டையும் அருகருகே வை. சபரிநாதன் இரண்டிலும் இருக்கிறார். வேறு வேறு நடுவர்கள் ஒரே பெயரில் வந்து நின்றால் அதன் கீழ் கோடு போடு. அங்கிருந்து தொடங்கு.

நூலகத்தில் கவிதை நூல்கள் மெலிந்தவை, தடித்த நாவல்களுக்கு நடுவே முதுகெழுத்துகூடத் தெரியாமல் ஒடுங்கிக் கிடக்கும். விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். முன்னுரையை விட்டுவிடு. நடுவில் பிரித்து மூன்று கவிதைகளை வாய்க்குள் சொல்லிப் பார். ஒன்றாவது உன்னை நிறுத்தினால் வீட்டுக்கு எடுத்துப் போ. நிறுத்தாவிட்டால் விருது பெற்றிருக்கிறதே என்று கூச்சப்படாமல் வைத்துவிடு. இரண்டு வருடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

சபரிநாதனின் 'வால்' கவிதைத் தொகுப்பு கிடைக்காவிட்டால் எழுது, என் பிரதியை அனுப்புகிறேன். ஓரங்களில் நான் போட்ட கோடுகள் இருக்கும். முதல் தடவை அவற்றைப் பார்க்காமல் படி.

அன்புடன்,
அண்ணன்