பீரோவில் தூங்கும் சாவி வாட்சுக்குப் பத்துக் குறிப்புகள்

கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் வெளியே எடுக்கும் வாட்ச் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அப்பா கட்டிய எச்.எம்.டி. ஜனதாவோ, மாமனார் போட்ட ஆட்டோமேட்டிக்கோ, எதுவானாலும் அதிகம் செலவில்லாமல் காப்பாற்றலாம் வாங்க.

1. மாதப் பிறப்பன்று ஒருமுறை சாவி கொடுத்து ஓடவிடுங்கள். ஒன்றரை நாள் போல ஓடிவிட்டுத் தானாக நிற்கும், அது போதும். கோளாறு ஏதும் இருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். விசேஷத்துக்குக் கிளம்பும்போது பதற வேண்டாம்.

2. கையில் கட்டியபடியே சாவி கொடுக்காதீர்கள், திருகின் தண்டு ஒருபக்கமாக இழுபடும். கழற்றி வைத்து நிதானமாகத் திருகி, இறுகுவது விரலுக்குத் தெரிந்ததும் விட்டுவிடுங்கள்.

3. நின்றுபோன ஆட்டோமேட்டிக்கை மருந்து பாட்டில் மாதிரி குலுக்க வேண்டாம். திருகை 20, 30 சுற்று சுற்றிவிட்டுக் கட்டினால் மீதியைக் கை அசைவே பார்த்துக்கொள்ளும். சாவி ஏறாத மாடல் என்றால் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் போதும்.

4. இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை முள் நிற்கும்போது தேதியைத் திருப்பினால் பல் உடையலாம். முள்ளை முன்பக்கமாகச் சுற்றுங்கள். எந்த 12-ல் தேதி மாறுகிறதோ அதுதான் நள்ளிரவு. அதைத் தாண்டி 6-க்கு வந்ததும் இன்றைய தேதியை வைத்து, பிறகு மணியைச் சரிசெய்யுங்கள்.

5. நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று நிமிடக் கணக்கில் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், ஃப்ரிட்ஜ் கதவு பொம்மை, ஹேண்ட்பேக்கின் காந்தப் பட்டன் பக்கத்தில் வைக்காதீர்கள். கடையில் முதலில் காந்தம் எடுக்கச் சொல்லுங்கள். முழு சர்வீஸ் செலவு மிச்சமாகலாம்.

6. சென்ட், பவுடர் எல்லாம் முடித்த பிறகு கடைசியாக வாட்சைக் கட்டுங்கள். ஸ்ட்ராப் வெகுநாள் உழைக்கும்.

7. வீடு திரும்பியதும் பழைய வேட்டித் துணியால் வியர்வையையும் சந்தனத்தையும் துடையுங்கள். தோல் ஸ்ட்ராப்பை ராத்திரி முழுக்கக் காற்றாட விட்டு, காலையில் உள்ளே வையுங்கள்.

8. பாச்சை உருண்டை கிடக்கும் தட்டில் வாட்ச் வேண்டாம். மாத்திரை டப்பா, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் வாட்ச் டப்பாவில் போடுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

9. பழைய வாட்சுகளின் பிளாஸ்டிக் கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால், துளி வெள்ளை டூத்பேஸ்டைப் பஞ்சுத் துணியில் தொட்டுச் சில நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகும். நிஜக் கண்ணாடிக்கு இந்த வித்தை பலிக்காது.

10. உள்ளே ஆவி படர்ந்தால் அரிசியில் புதைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் வேண்டாம். அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள், துரு ஏறிவிட்டால் செலவு பலமடங்கு. சர்வீஸ் செய்த தேதியை ஒரு சீட்டில் எழுதி டப்பாவிலேயே வைத்தால், ஐந்து வருஷம் ஆகிவிட்டதா என்று யோசித்துக் குழம்ப வேண்டியதில்லை.