உணவு விடுதியும் வீட்டு நியமமும்

சிதம்பரத்திற்குப் பயிலச் செல்லும் நம் பிள்ளைகள், உணவு விடுதிப் பலகையில் ‘சைவம்’ என்று கண்டதும் ஐயமின்றி உண்கின்றனர். அச்சொல் நம் அறத்திற்குப் போதுமானதன்று. உணவுப் பொட்டலத்தின் பச்சைக் குறி தேனையும் ஏற்கும். நாமோ கள், புலாலுடன் தேனையும் விலக்குவோர். மசால் தோசைக்குள் உருளைக்கிழங்கும் வெங்காயமும் உள்ளன.

கடிந்துரைப்பதால் பயனில்லை, பயிற்சியே வேண்டும். அருங்கலச்செப்பிற்கு மூலமாகிய இரத்தினகரண்டகத்தில், நுகர்பொருளை அளவிடும் நோன்பைச் சமந்தபத்திரர் இருவகையாக்கினார். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். காலவரையறையுடன் ஏற்பது நியமம். ஒரு பகல், ஒரு திங்கள், ஒரு பருவம் என நியமம் வளரும்.

எனவே, பிள்ளை தானே ஒரு பொருளைத் தேர்ந்து, முதலில் ஒரு நாள், பின்னர் ஒரு திங்கள் வீட்டிலேயே விலக்கிப் பழகட்டும். பெற்றோரும் உடன் நோற்க வேண்டும். தானே ஏற்ற நியமம், தாய் காணாத ஊரிலும் நிற்கும்.