நிறம் போடும் மேக்ரோ: போடித் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்குக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டுச் சந்தோஷம். லாட் விலைகளுக்கு நிறம் போட நீ எக்செலில் எழுதிய மேக்ரோவைப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது. ஆனால், அது கட்டத்தில் நேரடியாகப் பச்சையைப் பூசிவிட்டுப் போய்விடுகிறது. பிறகு விலையைத் திருத்தினாலும் பச்சை அப்படியே நிற்கிறது. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் முதலாளி எஸ்டேட்காரருக்குப் பதில் சொல்வார், தம்பி.

மேக்ரோ நிறத்தைப் பூச வேண்டாம். கண்டிஷனல் ஃபார்மட்டிங் விதியை எழுதட்டும். போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் இருப்பவர் போனில் ஃபைலைத் திறப்பார். அங்கே உன் மேக்ரோ ஓடாது, விதி வேலை செய்யும்.

அப்படியானால் மேக்ரோ எதற்கு? வரிசைகளை வெட்டி ஒட்ட ஒட்ட, ஒரே விதி துண்டுதுண்டாகச் சிதறும். 'மேனேஜ் ரூல்ஸ்' திறந்து பார், மலைப்பாக இருக்கும். ஆகவே மேக்ரோ முதலில் ஃபார்மட்கண்டிஷன்ஸ் முழுவதையும் டெலீட் செய்து, விலை நெடுவரிசை முழுக்க ஒரே விதியாகத் திரும்ப எழுத வேண்டும். ஒன்று கவனம்: மேக்ரோ ஓடியபின் 'அன்டூ' கிடைக்காது. சேமித்துவிட்டு ஓட்டு.

'ஆயிரத்துக்கு மேல் பச்சை' என்று கோடுக்குள்ளேயே எழுதியிருக்கிறாய். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-இல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2019-இல் உன் ஷீட் முழுக்கப் பச்சையாகியிருக்கும், 2022-இல் பச்சையையே தேட வேண்டியிருந்திருக்கும். வரம்பைத் தனி ஷீட்டில் ஒரு கட்டத்தில் வை. முதலாளியே மாற்றிக்கொள்ளட்டும்.

யாராவது விலையை '850/-' என்று அடித்தால் அது எண் இல்லை, எழுத்து. எக்செலுக்கு எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது; 850 ரூபாய் லாட்டும் பச்சையாகிவிடும். விதியில் அது எண்தானா என்ற சோதனையையும் சேர்த்துவிடு.

பிரிண்ட் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார்கள். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. பக்கத்து நெடுவரிசையில் 'அதிகம்', 'குறைவு' என்று எழுத்தாகவும் வரட்டும். அதற்கு ஒரு ஃபார்முலா போதும்.

அன்புடன்,
அண்ணன்