புரூசெல்லா காய்ச்சல்: மருந்துச் சோதனை அறிக்கை ஏன் வருவதில்லை?

“கிருமியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்ற அறிக்கை எங்கே?” புரூசெல்லா காய்ச்சலால் துன்புறுவோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்வியே.

சிறுநீர்த் தொற்றுக் கிருமிகள் பெரும்பாலும் ஓர் இரவில் வளர்ந்துவிடும். புரூசெல்லாவோ இரத்த வளர்ப்புச் சோதனையில் தென்படவே பல நாள்கள் ஆகலாம். அதன்பின் ஒவ்வொரு மருந்தையும் படிப்படியாக நீர்த்துத் திரவ ஊடகத்தில் இட்டு, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவை 48 மணி நேரம் கழித்துக் கணிக்க வேண்டும். மேலும், இக்கிருமி காற்றில் கலந்து ஆய்வகப் பணியாளரையே தொற்றும். உயர் பாதுகாப்புள்ள ஆய்வகத்தில்தான் அதனை வளர்த்துக் கையாளலாம். (ஆடு மாடு வளர்ப்போர், காய்ச்சாத பால் அருந்தியோர் இரத்தம் கொடுக்கும்போதே அதனைத் தெரிவித்தல் எங்கள் பணியாளர்களுக்குப் பேருதவி.)

அறிக்கையின்றியும் சிகிச்சை தொடங்குவதற்குக் காரணம் உண்டு. டாக்சிசைக்கிளின், ரிஃபாம்பிசின், ஜென்டாமைசின் ஆகியவற்றுக்கு இக்கிருமி பெரும்பாலும் கட்டுப்படுகிறது. நோய் மீள்வது பெரும்பாலும் மருந்தெதிர்ப்பால் அன்று. கிருமி நம் உயிரணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால். சோதனைக் குழாயில் வெல்லும் மருந்து அங்கும் வெல்லும் என்று எந்த அறிக்கையும் உறுதி கூறாது. ஆதலால்தான் இரு மருந்துகள். வழக்கமாக ஆறு வாரங்கள். முதுகெலும்பையோ இதயத்தையோ தாக்கியிருப்பின் இன்னும் நீளும். காய்ச்சல் முன்னரே தணியும். அப்போது மாத்திரையை நிறுத்தியவர்களே மீண்டும் எங்களிடம் வருகின்றனர். முழுச் சிகிச்சைக்குப் பின்னும் நோய் மீண்டால், சோதனையை நாங்களே கோருகிறோம்.

ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகும். அது தீங்கற்றது, அதற்கஞ்சி மருந்தை நிறுத்த வேண்டா.