உதவி இயக்குநராகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கம்பெனியில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள், அடுத்த மாதம் முதல் ஷெட்யூல் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. லென்ஸ், ஷாட் பிரிப்பு பற்றியெல்லாம் கேட்டிருக்கிறாய். அவற்றைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொள்வாய். கடைசியில் "டைரக்டர் ரொம்பக் கோபக்காரராம், சமாளிக்க முடியுமா அண்ணே?" என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மானிட்டர் முன்னால் ஓர் அதட்டல் விழும். அது கோ-டைரக்டரிடம் வந்து, அங்கிருந்து அசோசியேட்டுக்குப் போய், வாக்கி வழியாக உன் காதுக்கு வரும். உனக்குக் கீழே யாரும் இல்லை என்றா நினைக்கிறாய்? டீ டிரே தூக்கும் புரொடக்‌ஷன் பையன் இருக்கிறான், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்கள் இருக்கிறார்கள். டைரக்டர் சொன்னது ஒரு சொல்லாக இருக்கும்; அவர்களிடம் போய்ச் சேரும்போது குடும்பத்தையே இழுக்கும் வசவாகியிருக்கும். நடுவில் நின்ற ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருப்பார்கள். உன்னிடம் வருவதில் விஷயம் எது, எரிச்சல் எது என்று பிரித்துவிட்டு, "அந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கண்ணே" என்று மட்டும் கீழே சொல்வதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

திருவிழா சீன் ஒன்று என்று வைத்துக்கொள். இருநூறு பேர் க்ரௌட். மாஸ்டர் ஷாட் முடிந்து லைட்டிங் மாற்றுகிறார்கள். முக்கால் மணி நேரமாவது ஆகும். கன்டினியூட்டி போய்விடுமே என்று பயந்து அத்தனை பேரையும் நின்ற இடத்திலேயே வெயிலில் நிறுத்திவைப்பார்கள். டைரக்டர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். பெரும்பாலும் அவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த முடிவை எடுப்பது உன்னைப் போன்ற ஓர் அசிஸ்டென்ட்தான். முன்வரிசைக்குத் தரையில் சாக்பீஸ் மார்க் போடு. செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள். யார் கையில் தாம்பாளம், யார் தோளில் துண்டு, எந்தக் குழந்தை யார் இடுப்பில் என்று பேடில் குறித்துக்கொள். பிறகு எல்லோரையும் நிழலுக்கு அனுப்பு. திரும்பக் கூப்பிடும்போது "ஏய், பச்சைப் புடவை" என்று கத்தாதே. உன் அம்மா வயதில் இருப்பவர்கள் அவர்கள். "அம்மா, கொஞ்சம் முன்னாடி வாங்க" என்றால் கூடுதல் நேரம் ஒன்றும் ஆகிவிடாது.

அந்தப் பெண்கள் தண்ணீர் குடிக்கிறார்களா என்றும் பார். மலையாளத் திரையுலகை ஆராய 2017-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பாலியல் தொல்லை பற்றிய பகுதிகள்தான் தலைப்புச் செய்தி ஆயின, ஆகவேண்டியவையும்கூட. ஆனால் படப்பிடிப்பில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இங்கே மட்டும் வேறு மாதிரி என்று யாராவது சொன்னால், ஓர் அவுட்டோருக்குக் கூட்டிப்போய்க் காட்டு. ஹீரோவுக்குக் கேரவன் வரும், ஹீரோயினுக்கு வரும். மற்றவர்களுக்கு எங்கே ஏற்பாடு என்ற கேள்வி, லொக்கேஷன் பார்க்கப் போகிற அன்றே வரவேண்டும். அந்த வண்டியில் நீயும் இருப்பாய் அல்லவா, நீயே கேள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, செட்டில் எது நடந்தாலும் உன் தலையில்தான் என்று எண்ணிவிடாதே. "இது எல்லோருடைய பொறுப்பும்தான்" என்று சில தயாரிப்பாளர்கள் மேடையில் பேசுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் சம அளவில் கிடையாது. செக்கில் கையெழுத்துப் போடுகிறவருக்கு ஒரு பங்கு, கிளாப் அடிக்கிறவனுக்கு ஒரு பங்கு. 2013-ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு அமைக்கவேண்டியது முதலாளியின் கடமை. அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஒவ்வொரு படத்தின் தயாரிப்பு யூனிட்டும் இதற்கு உட்பட்டதுதான் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022 மார்ச்சில் தீர்ப்பளித்தது. தினக்கூலிக்கு வருபவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. கம்பெனி அனுப்பும் வண்டியும் சட்டத்தின் கண்ணில் வேலையிடம்தான். புகார் தர மூன்று மாத அவகாசம். உன்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருவர் வந்து எதையாவது சொன்னால், "பெரிய இடம், விட்டுடுங்க" என்று ஆலோசனை சொல்லாதே. நேரில் பார்த்திருந்தால், பார்த்ததைச் சொல்ல முன்வா. அவர் பேசவேண்டியதை அவருக்குப் பதிலாக நீ பேசாதே.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே 'இந்தியன் 2' செட்டில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் உதவி இயக்குநர். 'கட்' சொல்வது டைரக்டரின் உரிமை, நானும் மதிக்கிறேன். கயிறு, மின்சாரம், தீ, உயரம் என்று வரும்போது மட்டும் அந்த மரியாதையைத் தள்ளிவை. லைட்மேன் அண்ணன் "இது தாங்காது தம்பி" என்று முணுமுணுத்தால், அதை மானிட்டர்வரை கொண்டுபோ. திட்டு விழும். வாங்கிக்கொள்.

தனியாகச் செய்ய முடியாதவை நிறைய இருக்கின்றன. பேட்டா பாக்கியை ஒருவன் போய்க் கேட்டால் அடுத்த படத்தில் அவனுக்கு வேலை இருக்காது. சங்கம் எதற்கு என்று உன் வயதுக்காரர்கள் கேலி பேசுவதைக் கேட்கிறேன். 'பாதை தெரியுது பார்' (1960) படத்தை இயக்கிய நிமாய் கோஷும், அதற்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசனும் தங்கள் தொழிலில் பெயர் எடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள்தான் சென்னையில் சினிமாத் தொழிலாளர்களைத் திரட்டிச் சங்கம் கட்ட அலைந்தார்கள். இன்றைய சங்கங்கள்மேல் எனக்கும் வருத்தங்கள் உண்டு. அதற்காக உறுப்பினர் கார்டு எடுக்காமல் இருந்துவிடாதே. கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிடவும் செய்யாதே.

முதல் நாள் பூஜை முடிந்ததும் கால்ஷீட் தாளைக் கையில் வாங்குவாய். அதில் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் மேனேஜரிடம் போய்க் கேட்டு வாங்கி, அன்று சாயங்காலம் பேக்கப்புக்கு முன்னால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்