வெற்றிடத்திலும் மின்னல் வருமா?

ஐப்பசி மாலைகளில் எங்கள் குண்டனி நாட்டு மலைமுகட்டில் மின்னல் வெட்டும்போது நாங்கள் காதைப் பொத்திக்கொள்வது வழக்கம். அந்த மின்னல் எப்படி உண்டாகிறது? காற்று எளிதில் மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டை எட்டினால் காற்று தோற்றுவிடும், பொறி பாயும். அப்படியானால் காற்றே இல்லாத வெற்றிடத்தில்? “ஒன்றுமில்லாத இடத்தில் எது உடையும்?” என்று வகுப்பில் சிரித்தோம். விடையை அறிந்தபோதோ வியந்தோம்!

வெற்றிடமும் உடையும் என்கிறது இயற்பியல். 1951-இல் ஷ்விங்கர் என்னும் அறிஞர் இதைக் கணக்கிட்டார். 13 எழுதி 17 சைபர்கள் இட்டால் வரும் அத்தனை வோல்ட், ஒரு மீட்டரில் அமைய வேண்டும். அப்போது வெற்றிடத்திலிருந்தே எலெக்ட்ரானும், அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடி ஜோடியாகத் தோன்றும்.

அவ்வளவு வலிய புலத்திற்கு எங்கே போவது? லேசர் ஒளியிலும் மின்புலம் உண்டு. ஆனால் ஒளியை மிகவும் பெருக்கினால் பெருக்கும் கருவியே சிதைந்துவிடும். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பாருங்கள். லாரிகள் நெருக்கியடித்து வந்தால் பாதை அடைபடும். இடைவெளி விட்டு ஏறி உச்சியில் கூடினால் தொல்லையில்லை. அவ்வாறே ஒளித்துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, பின் சுருக்கும் வழியை 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் அவருடைய ஆசிரியர் மூருவும் கண்டனர். அப்போது டோனா ஓர் ஆய்வு மாணவி! 2018-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். மேரி கியூரி (1903), மரியா மேயர் (1963) ஆகியோருக்குப் பின் இயற்பியலில் அப்பரிசைப் பெற்ற மூன்றாவது பெண்மணி அவரே.

இருந்தும் லேசர் மட்டும் போதவில்லை. இங்கே எலெக்ட்ரான் கற்றை கைகொடுக்கிறது. மழையில் நின்றால் தூறலாகத் தெரிவது, விரையும் பேருந்தின் சன்னலில் ஊசியாய்க் குத்துகிறதல்லவா? ஒளியை எதிர்த்து விரையும் எலெக்ட்ரானுக்கும் அதன் புலம் பன்மடங்காகத் தோன்றும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இப்படி மோதவிட்டனர். எலெக்ட்ரானில் பட்ட ஒளி காமாக் கதிராகத் திரும்பி, அதே லேசர் ஒளியுடன் மோதியது. சுமார் நூறு பாசிட்ரான்கள் பிறந்ததாக 1997-இல் அறிவித்தனர். ஒளி பொருளாயிற்று!

நம் நாட்டிலும் இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் 150 டெராவாட் லேசர் உண்டு. அதைக்கொண்டு எலெக்ட்ரான்களை முடுக்கி ஆய்ந்துள்ளனர். ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட் ஆகும்.

தோழியரே, இனி மின்னல் வெட்டினால் வீட்டுக்குள் பத்திரமாக இருப்போம்; ஆனால் “ஏன்?” என்று கேட்க மறவோம். சிரிப்பாய்த் தோன்றும் கேள்விக்குள்ளும் ஒரு பெரிய ஆய்வு ஒளிந்திருக்கலாம். அதைச் செய்பவள் நம்முள் ஒருத்தியாக ஏன் இருக்கக் கூடாது?